2316-ஆம் எண் வில்லை

ரங்கூன், க்யிம்யிண்டைங்
1964 ஆகஸ்ட் 9, ஞாயிறு, காலை பத்து மணி இருபது நிமிஷம். இந்த அறையில் இருப்பவர்கள் இரண்டு பேர். கப்பலில் போகப் பெயர் கொடுத்திருப்பவர் ஒருவர்.

மார்த்தா அவர்களுக்கு,

அந்த ஒருவர் நான், உங்கள் தம்பி பர்னபாஸ். பெயர் கொடுக்க மறுப்பவள் அம்மா. நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்பது தெரியும். இருபத்திரண்டு வருஷமாக விசாரிக்காத நலத்தை இன்று ஒரு வரியில் விசாரித்து என்ன ஆகப்போகிறது? விஷயத்துக்கு வருகிறேன்.

ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில், டீசல் எஞ்சின் பிரிவில் இருக்கிறேன். இன்செயின் தொழிற்பள்ளியில் படித்துத் தேறி வாங்கிய வேலை. அக்டோபர் கடைசியோடு அது இல்லை. அந்நியர் பதிவுச் சீட்டு வைத்திருப்பவனுக்கு இனி அங்கே இடமில்லையாம். நான் பிறந்தது இந்த ஊர். தூக்கத்தில் உளறுவதுகூட பர்மிய மொழியில் என்று அம்மா சொல்கிறாள். அதெல்லாம் சீட்டில் வராது. அறை பட்டறைக்குச் சொந்தம், வேலையோடு அதுவும் போகும். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதிலிருந்து நம் ஆட்கள் கப்பல் கப்பலாகப் போகிறார்கள். நவம்பர் முதல் வாரம் மதராஸுக்கு ஒரு கப்பல் இருக்கிறது. அதில் போயாக வேண்டும்.

அம்மா வரமாட்டேன் என்கிறாள். காரணம், உங்களோடு இருக்கும் அப்பா.

1942இல் ஜப்பான்காரன் ரங்கூனை நெருங்கிய சமயம் எனக்கு மூன்று வயது, அம்மை வார்த்திருந்ததாம். அம்மைப் பிள்ளையை யாரும் ரயிலில் ஏற்றவில்லை. "முதலில் பெண்பிள்ளையை அக்யாபில் கப்பலேற்றிவிட்டு, ஒரு மாசத்தில் வந்து உங்கள் இருவரையும் கூட்டிப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். அக்யாப் வரை போய்க் கப்பல் கிடைக்காமல் திரும்பி வந்த நம் தெருப் பவுனம்மாள்தான் சேதி சொன்னாள்: துறையில் "ஏசுரத்தினம், மகள் மார்த்தா" என்று பெயர் கூப்பிட்டார்கள், கூட்டத்தில் உங்கள் இரட்டைச் சடை கப்பல் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன் என்று. அதே பவுனம்மாள் இந்த மே மாசம் கப்பலேறிப் போனாள். தூத்துக்குடிக் கோயிலில் விசாரித்து உங்கள் விலாசத்தை எழுதியிருக்கிறாள். மார்த்தா டீச்சர், தகப்பனார் ஏசுரத்தினம், துறைமுகத்தில் வேலை.

ஆக, உயிரோடு இருக்கிறார்.

பக்கத்து அறை ரத்தினம்மாள் சின்னம்மா நேற்றும் வந்து அம்மாவிடம் மன்றாடிப் பார்த்தாள். உங்களுக்கு அவளை நினைவிருக்கலாம். பழைய தெருவில் எதிர் வரிசை. அவள் புருஷன் அய்யாசாமி துறைமுகக் கூலி. அதே ஓட்டத்தில் பிரோமில் காலராவில் போனவர். வந்து சேர்ந்தது அவர் இடுப்பில் கட்டியிருந்த, கூலி எண் போட்ட பித்தளை வில்லை மட்டும். அதைச் சுவரில் மாட்டிக் கும்பிடுகிறாள். நான் வளர்ந்ததில் பாதி அவள் சோறு. அவளிடம் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உன் ஆளு செத்துட்டார், ரத்தினம். நீ அழுது முடிச்சிட்ட. என் ஆளு உசுரோட இருக்கார். நான் எதைச் சொல்லி அழ? அந்த மனுஷன் இருக்கிற ஊருக்குப் போயி, அவர் வாசல்ல நிக்கணுமா?"

அவரை அம்மா பெயருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். "வா" என்ற ஒரு சொல் போதும். அதற்கும் மனமில்லை என்றால், மதராஸ் துறைமுகத்துப் பக்கமே வராமல் இருக்கச் சொல்லுங்கள். அதை வைத்தாவது அம்மாவைச் சம்மதிக்க வைக்கிறேன்.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
24-8-1964

அன்புள்ள தம்பி பர்னபாஸுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு எழுத உட்கார்ந்து, கிழித்து, மறுபடி எழுதுகிறேன். நீ உயிரோடு இருக்கிறாய். அம்மா இருக்கிறாள். இதை எழுதிப் பார்க்கவே எனக்கு ஒரு பொழுது வேண்டியிருக்கிறது.

அப்பா இங்கே இல்லை, பர்னபாஸ். ஒருநாளும் இருந்ததில்லை. அவர் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மலையில் பாதி வழியில் என்னை இன்னொருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, உங்களுக்காகத் திரும்பிப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மையில் கிடந்த பிள்ளைக்காக நடக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுவிட்டார் என்று அழுதேன். பிறகு அழுகை போய்க் கோபமாக நின்றுவிட்டது. சண்டை முடிந்து தபால் போகத் தொடங்கியதும் பழைய விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். அந்தத் தெருவே இல்லை என்று திரும்பி வந்தன. நீங்கள் மூவரும் குண்டில் போயிருக்க வேண்டும், அல்லது மூவருமாக ஒன்றாயிருந்து என்னை மறந்திருக்க வேண்டும். எது என்று தெரியாமல் இருப்பதே பழகிவிட்டது.

பவுனம்மாள் அக்யாபில் கேட்ட பெயர் சரி. பார்த்த சடையும் என்னுடையதுதான். அந்தப் பெயருக்குக் கைதூக்கியவர் அப்பா இல்லை. அவர் இன்றும் இருக்கிறார், அதே பெயரில். அவர் யார் என்று இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் போதவில்லை. உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்த பிறகு என் கை ஓடவில்லை.

அம்மாவிடம் சொல். அப்பா உங்களை விட்டு ஓடியவர் இல்லை. உங்களிடம் வர வேண்டும் என்று கிளம்பியவர்.

உன் அக்கா,
மார்த்தா

*

க்யிம்யிண்டைங்
3-9-1964, வியாழன்

மார்த்தா அவர்களுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன்.

"எழுத்து அவர் பழக்கின எழுத்து. கமா போடுற இடம்கூட அவர் மாதிரியே. பக்கத்துல உக்காந்து சொல்லியிருக்கார், இவ எழுதியிருக்கா."

"அம்மா, அக்கா ஏன் பொய் சொல்லணும்?"

"தகப்பனுக்காகத்தான். பொம்பளப் பிள்ளைங்க அதுக்குத்தான் பொய் சொல்லும்."

நான் அம்மா பக்கம் என்று நினைக்க வேண்டாம், உங்கள் பக்கமும் இல்லை. ஒரு எஞ்சின் நின்றுபோனால் எண்ணெய் வருகிறதா, காற்று வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். "தைரியம் போதவில்லை" என்பதைக் கழற்றிப் பார்க்க முடியாது. அந்த ஆள் யார்? அப்பா பெயர் அவருக்கு எப்படிப் போனது? அப்பா எந்த இடத்தில் திரும்பினார்? நாங்கள் இங்கே இல்லாமல் போகவில்லையே, இதே க்யிம்யிண்டைங்கில்தான் இருந்தோம். தெரு எரிந்த பிறகு அம்மாவும் ரத்தினம்மாள் சின்னம்மாவும் நாலு சந்து தள்ளிக் குடிசை போட்டார்கள், அவ்வளவுதான். கால் இருக்கும் மனிதர் தேடி வந்திருக்க மாட்டாரா? வரவில்லை என்றால் ஒன்று வர மனமில்லை, அல்லது உயிரில்லை. இரண்டில் எது என்று அம்மாவுக்குத் தெரியாமல் அவளைக் கப்பலில் தூக்கிப்போட என்னால் முடியாது.

நவம்பர் கப்பலுக்குப் பெயர் கொடுக்க அக்டோபர் இருபதுதான் கடைசி. நீங்கள் யாரையோ காப்பாற்றப் பார்க்கிறீர்கள். அந்த ஆளுக்காக அம்மாவை இங்கே தெருவில் விடச் சொல்கிறீர்களா?

சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
16-9-1964

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நீ அம்மாவுக்கு வாசிப்பதற்கு முன் தனியாகப் படி. சத்தம் போட்டுப் படிக்காதே.

பிரோம் வரை ரயில். ஆற்றைத் தாண்டி அந்தக் கரையில் படௌங். அங்கிருந்து மலைவழியாகத் தவுங்குப் வரை நடை. மாசி மாசத்து வெயில். வழியில் தண்ணீர் இல்லை. மூங்கில் குழாயில் அடைத்த தண்ணீரைக் காவல் காத்துத் தூங்கினார்கள். தலைக்கு மேல் விமானம் கேட்டால் எல்லாரும் காட்டுக்குள் ஓடுவோம். திரும்பி வரும்போது சிலர் வரமாட்டார்கள். காலரா கண்டவர்களை ஓரத்தில் படுக்கவைத்துவிட்டு, தலைமாட்டில் ஒரு தகரக் குவளையை வைத்துவிட்டுப் போனார்கள். குவளை காலியாக இருக்கும். ஒரு தாய் படுத்திருந்தாள், குழந்தை அவள் மேல் விளையாடிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். அப்பா என் தலையைத் திருப்பி, "இனிமே என் குதிகாலை மட்டும் பார்த்து நட" என்றார். அப்படியே நடந்தேன். அந்த மலையில் எனக்கு மிச்சமிருப்பது அப்பாவின் வெடித்த குதிகால்தான்.

மலை ஏற்றத்தின் நடுவில் ஒரு தடுப்பு. துப்பாக்கி வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களை விட்டார்கள். தனி ஆண்களை, அதிலும் துறைமுக வில்லை கட்டியவர்களை, ரங்கூனில் கப்பலுக்குச் சாமான் ஏற்ற ஆளில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர் குந்தியிருந்தார்.

"மில்லு கிளார்க்கு ஐயாதானே? நான் அய்யாசாமி. உங்க எதுத்த லைனு."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் சித்தவுங் பாலம் போய்விட்டது, ரங்கூன் இன்னும் சில நாள்தான் என்று பேசிக்கொண்டு போனார்கள். அப்பா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அவர் குதிகாலில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அய்யாசாமி, திரும்பிப் போனா உன்னை ரயில்ல ஏத்துவானா?"

"வில்லை இருந்தா ஏத்துவான் ஐயா. கூலிக்காரனை வான்னுதானே கூப்பிடுறான். நான் போகமாட்டேன். குண்டு விழுந்தன்னிக்கு என் பக்கத்துல நின்னவன் பாதிதான் கெடச்சான்."

"உன் வில்லையை எனக்குக் கொடு. என் அனுமதிச் சீட்டை நீ வெச்சுக்கோ. அதுல நானும் என் மகளும்னு எழுதியிருக்கு. நீ நானாகப் போ."

அய்யாசாமி மாமா யோசித்தார். "ரத்தினத்தையும் கூட்டியாந்துடுங்க ஐயா."

"என் பெண்சாதிக்கு முன்னால அவளை வண்டியில ஏத்துவேன்."

பிறகு என்னிடம் குனிந்து, "மலை தாண்டுற வரைக்கும் இவர்தான் அப்பா. வாய் தவறி வேற எதுவும் கூப்பிட்டுடாதே" என்றார். என்னை முத்தமிடவில்லை. முத்தமிட்டால் தடுப்பில் இருப்பவனுக்குச் சந்தேகம் வரும். இடுப்பில் வில்லையைக் கட்டிக்கொண்டு, மேற்கே வந்துகொண்டிருந்த அத்தனை கூட்டத்துக்கும் எதிராக இறங்கினார். குதிகால் கொஞ்ச தூரம் தெரிந்தது.

கடைசி மலையில் மாமா என்னைத் தோளில் சுமந்தார். அக்யாபில் பெயர் கூப்பிட்டபோது கைதூக்கினார். துறைமுகத்திலிருந்து ஓடியவன் என்று பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பெயரை மாற்றவில்லை. அகதி என்று வேலை கிடைத்தது, அதுவும் அந்தப் பெயரில். பிறகு மாற்ற வழியே இல்லாமல் போயிற்று. என்னை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தவர் அவர். ஊரார் முன்னால் இன்றும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

பிரோமில் செத்தது அய்யாசாமி என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் சொன்னேன். வில்லையின் எண் 2316. மாமா மறக்கவில்லை. விளிம்பில் ஒரு இடம் வளைந்திருக்குமாம், சோடா மூடியை நெம்பி நெம்பி. போய்ப் பார்.

மார்த்தா

*

க்யிம்யிண்டைங்
27-9-1964, ஞாயிறு

அக்கா,

பார்த்தேன்.

சின்னம்மா காலைச் சாப்பாட்டுக்கு மோஹிங்கா வாங்கி வரப் போயிருந்தாள். ஆணியிலிருந்து கழற்றினேன். குங்குமமும் எண்ணெயும் ஏறி எண் தெரியவில்லை. சட்டை நுனியால் தேய்த்தேன். 2316. விளிம்பு வளைந்திருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவுக்கு. சின்ன வயதில் அதில் என் விரலை வைத்து விளையாடியிருக்கிறேன்.

சின்னம்மா வந்துவிட்டாள். "என்னடா, மெக்கானிக்கு, அதையும் கழட்டிப் பாக்கணுமா?" என்றாள். இது எப்படி வந்தது என்று கேட்டேன். எத்தனையோ தடவை கேட்ட கதைதான், ஆனால் இந்தத் தடவை காதைத் திறந்து வைத்துக் கேட்டேன்.

"ஜப்பான்காரன் வந்தப்புறம் துறைமுகத்து ஆளு ஒருத்தன் பிரோம்லேர்ந்து நடந்தே வந்தான். ஸ்டேஷன்ல ரயிலு வரும் வரும்னு கெடந்தாங்களாம். வரவே இல்ல. பேதி கண்டு விழுந்தவங்களை எல்லாம் ஒரே குழியில சுண்ணாம்பு போட்டு மூடினாங்களாம். இவனுக்கு அவரைத் தெரியாது, வில்லையைப் பாத்துட்டு நம்ம ஆளாச்சேன்னு அவுத்துக்கிட்டு வந்தான். நம்பரைக் கேட்டு விசாரிச்சு எங்கிட்ட கொண்டாந்தான்."

"முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டியா?"

"கேக்காம? ஒல்லியா, செவப்பா, மூக்கு மேல ரெண்டு பக்கமும் கண்ணாடித் தழும்புன்னான். எங்க ஆளு கண்ணாடி போட்டதே இல்லடா. சீக்குல முகம் வத்திப்போனா அப்படித் தெரியும்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். சரின்னு சொல்லாம என்ன பண்றது? வில்லை கையில இருக்கு. ஆளு இல்ல."

மோஹிங்காவைத் தின்னச் சொன்னாள். தின்றேன்.

அக்கா, இன்னொன்று. புரட்டாசி அமாவாசைக்கு ஒவ்வொரு வருஷமும் அந்த வில்லைக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பாள். வாழைக்காய், பூசணி, பாயசம். படைத்த இலையில் ஒரு பங்கு எங்கள் அறைக்கு வரும். வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிற அம்மா படையல் சோற்றைத் தொடமாட்டாள். நான் ஒரு பருக்கை விடாமல் தின்பேன். இருபது வருஷமாக அப்பாவுக்குப் படைத்த சோற்றைத் தின்றிருக்கிறேன், அது யாருக்கு என்று தெரியாமல். படைத்தவளுக்கும் தெரியாது.

இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது மூங்கில் பாய்த் தட்டி. அம்மாவிடம் இங்கே சொன்னால் அங்கே கேட்கும். டாலா படகில் கூட்டிப்போய் நடு ஆற்றில் வைத்துச் சொல்லப்போகிறேன். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்காது.

அய்யாசாமியிடம் ரத்தினம்மாள் இருக்கிறாள் என்று சொன்னாயா? சொல்லியிருந்தால் என்ன சொன்னார் என்று எழுது.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி
6-10-1964

அன்புள்ள தம்பிக்கு,

சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "பொட்டு வெச்சிருக்காளா?" என்று கேட்டார். இல்லை, நீங்கள் செத்துவிட்டதாகப் பொட்டை அழித்துக்கொண்டாள் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். வேலைக்குப் போய் மூன்று நாளாகிறது.

நீ கோபப்படுவாய். கோபப்படுவதற்கு முன் இதையும் தெரிந்துகொள். அவர் 1946இல் இங்கே ஒரு பெண்ணைக் கட்டினார். கோயிலில் வைத்துத்தான், ஏசுரத்தினம் என்ற பெயரில். தெரு எரிந்த சேதி அவருக்கும் வந்திருந்தது, ரத்தினம்மாளும் அதில் போயிருப்பாள் என்று நம்பினார். இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அய்யாசாமி என்று ஒருவர் இருந்ததே தெரியாது.

உண்மையை மறைக்கச் சொல்கிறேனே என்று எனக்கே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். அம்மாவிடம் சொல், அது அம்மாவின் உரிமை. ரத்தினம்மாளிடம் சொல்லாதே. இருபத்திரண்டு வருஷம் தாலியில்லாமல் இருந்தது வீண் என்று ஒரு மனுஷியிடம் எந்த வாயால் சொல்வாய்? அவள் அங்கேயே இருக்கட்டும். மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து அனுப்ப வழி இருக்கிறதா என்று விசாரிக்கிறேன். அம்மாவும் நீயும் வாருங்கள். நான் மட்டும் துறைமுகத்துக்கு வருகிறேன்.

அப்பா மீது இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடுகிறேன். அது இல்லாமல் கையும் காலும் வெறுமையாக இருக்கிறது.

மார்த்தா

*

க்யிம்யிண்டைங்
18-10-1964, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

முன்பு உன்னைக் கூப்பிட்ட தோரணைக்கு மன்னித்துக்கொள்.

அம்மாவிடம் படகில் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லி முடித்து, வில்லை எண்ணையும் வளைந்த விளிம்பையும் சொன்ன பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கண்ணாடித் தழும்புன்னா சொன்னா?"

"ஆமாம்மா."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

டாலாவில் இறங்கவில்லை. அதே படகில் திரும்பி வந்தோம். இந்தக் கரையைத் தொடும்போது, "பிரோம் வரைக்கும் வந்துட்டாரேடா. ஒரு ராத்திரி ரயில் தூரம்" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தும் அழவில்லை. பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாதல்லவா?

அமாவாசையன்று காலையில் குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சின்னம்மா அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். இலை போட்டாயிற்று. சின்னம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இதென்ன அதிசயம். வேதக்காரி படையலுக்கு வந்திருக்கா. கப்பல் கவுந்துடப் போவுது."

"பசிக்குது, ரத்தினம். போடு."

"படைச்சிட்டுத் தரேன், இரு."

"நான் படைக்கிறேன்."

சின்னம்மா கரண்டியைக் கொடுத்தாள். அம்மா சோறு வைத்தாள். வாழைக்காயை எடுத்துத் தள்ளிவைத்துவிட்டு, "அவருக்குப் பிடிக்காது" என்றாள். சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சின்னம்மா வாழைக்காயைப் பார்த்தாள், அம்மாவின் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். இன்னொரு இலை போட்டு அம்மாவை உட்காரவைத்தாள். அம்மா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பிறகு அந்த வில்லையைக் கையில் எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அதே ஆணியில் மாட்டினாள். தனக்கென்று கேட்கவில்லை.

அன்று மாலை என்னிடம் சொன்னாள்: "என் பேரைக் கப்பலுக்குக் கொடு. ரத்தினம் பேரையும் கொடு. அவளை வண்டியில ஏத்துறேன்னு உங்கப்பா சொல்லியிருக்கார்." அம்மாவே போய்ச் சின்னம்மாவை அழைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டா நான் யாருக்கு ஆக்கிப் போடுறது? நானும் வரேன்" என்று உடனே சொல்லிவிட்டாள். நேற்று அவர்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தேன்.

அம்மாவும் உன்னைப் போலத்தான் சொல்கிறாள்: அவளிடம் சொல்லாதே, அழுது முடித்தவளை மறுபடி அழவைக்காதே என்று. நீங்கள் இரண்டு பேரும் நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தப்பான சேதியை நம்பி அம்மா இருபத்திரண்டு வருஷம் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். அதே தப்பை, தெரிந்தே, இன்னொருத்தி தலையில் கட்ட எனக்கு என்ன உரிமை? மதராஸில் இறங்கி நீ இருக்கும் ஊருக்கு வந்தால், ஒருநாள் கடைத்தெருவில் அவள் அவரைப் பார்ப்பாள். அப்போது அவளுக்கு யார் பதில் சொல்வது? தவிர, வாழைக்காயைப் பார்த்த அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அவளுக்குப் பாதி தெரியும். கேட்க வேண்டாம் என்று பொறுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பிரோமுக்குப் போய்வர அனுமதி கேட்டேன். என் சீட்டுக்கு ரங்கூன் எல்லை தாண்ட முடியாது என்று மறுத்துவிட்டார்கள். குழி எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றான் அங்கிருந்து வந்த எஞ்சின் டிரைவர். ஸ்டேஷனுக்குப் பின்னால் இப்போது நெல் காயப்போடுகிறார்களாம்.

இனி நான் செய்யப்போவது:

1. முப்பதாம் தேதிவரை பட்டறைக்குப் போவேன். பிரித்துப்போட்ட எஞ்சினை மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.

2. வருகிற ஞாயிறு ரத்தினம்மாள் சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்வேன். கப்பலில் ஏற்றிய பிறகு சொல்வது ஏமாற்று வேலை. நடுக்கடலில் இறங்கிப் போக வழியில்லை. கரையில், கதவு திறந்திருக்கும்போது சொல்வேன். அய்யாசாமி உயிரோடு இருப்பதையும், கட்டிக்கொண்டதையும், பிள்ளைகளையும். எதையும் மிச்சம் வைக்கமாட்டேன்.

3. வில்லையை அவள் வைத்துக்கொண்டால் கேட்கமாட்டேன். தூக்கி எறிந்தால் பொறுக்கி அம்மாவிடம் கொடுப்பேன்.

4. அய்யாசாமி துறைமுகத்துக்கு வருவதும் வராததும் அவர் இஷ்டம். நான் அவரைக் காட்டிக்கொடுக்கமாட்டேன். உன்னைத் தோளில் சுமந்தவர். ஆனால் வந்தால் அய்யாசாமியாக வரட்டும். அம்மாவுக்கு முன்னால் ஏசுரத்தினம் என்று நிற்க வேண்டாம். இதை அவரிடம் வாசித்துக் காட்டு.

5. சின்னம்மா வருகிறேன் என்றால் மூன்று பேர் இறங்குவோம்.

6. வரமாட்டேன் என்றால் அம்மா மட்டும் வருவாள். நீ போய் இறக்கிக்கொள். படியில் இடறுவாள், வலது கையைப் பிடி. நான் இங்கேயே இருப்பேன். வேலை, அறை எதுவும் இருக்காது என்பது தெரியும். அப்பா மலையில் ஒத்துக்கொண்டது இரண்டு பெண்களைக் கூட்டிவருவதாக. ஒருத்தியை விட்டுவிட்டு என்னால் ஏற முடியாது.

உன் தம்பி,
பர்னபாஸ்